செருப்பு மாட்டும்போது சொன்னது

"சார், உங்க பக்கத்து வீட்ல பசி. நீங்க வசதியானவர். சோறு கொண்டுபோய்க் கொடுப்பீங்களா? அவங்க சுடுற இட்லியைக் காசு கொடுத்து வாங்குவீங்களா? இல்ல, அவங்க தெருவுக்கு வர்ற வழியை மறிச்சு நீங்க கட்டி வெச்சிருக்கிற மதிலை இடிப்பீங்களா?"

ஞானசௌந்தரி டீச்சர் ஒரு மதிய இடைவேளையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் பொருளியல் ஆசிரியை, நான் புவியியல். ஏழை நாடுகளின் வறுமையைக் குறைக்கப் பணக்கார நாடுகள் என்ன செய்யலாம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அன்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "மூன்றையும் செய்தால் போயிற்று" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. மொதல்ல எது? சண்டையே அதுலதானே சார்" என்றார்.

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வகுப்புக்குப் போனேன். அதன் பிறகு எத்தனையோ முறை அந்தப் பேச்சு வந்தது; ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மணி அடித்தது. இப்போது பதில் கிடைத்தாலும் கேட்பதற்கு அவர் இல்லை.

அவர் போன செய்தி வந்த விதமும் குழப்பம்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில், சௌந்தரி டீச்சரின் எண்ணிலிருந்தே ஒரு வரி வந்தது: "அம்மா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அவருடைய அம்மாவின் அடக்கத்துக்கு நானே போயிருக்கிறேன். ஆகவே இது மாமியாராக இருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, "டீச்சர், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மாலை வருகிறேன்" என்று எழுதினேன். எனக்கு முன்னும் பின்னும் நம்மில் பலர் அதையேதான் எழுதியிருந்தோம். நாம் எல்லோரும் சேர்ந்து இறந்தவருக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகள் ஜாய்ஸ் என்னை அழைத்தாள்.

"அங்கிள், அம்மா போன்ல இருந்து நான்தான் போட்டேன். அம்மாதான் அங்கிள்."

"எந்த அம்மா?" என்று கேட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

நம்மோடு பணியாற்றியவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிக்கப்போகிறீர்கள். அவருடைய வகுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்கு வெளியே அவர் செய்ததையும் அதில் எனக்கு விளங்காமல் போனதையும் மட்டும் எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கு ஒரு முறை குளிர்நாடு ஒன்றிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்காக அன்போடு சேர்த்து அனுப்பியவை. பிரித்தால் எல்லாம் கம்பளி ஸ்வெட்டர்கள். கத்திரி வெயில், மின்விசிறி வேறு ஓடவில்லை. தலைமையாசிரியர் ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்து உடனே எடுத்துவிட்டார். ஆசிரியர் அறையே சிரித்தது. நான் அதை வைத்து வகுப்பில் ஒரு பாடமே நடத்தினேன். ஸ்ரீபெரும்புதூரின் அட்சரேகை தெரியாதவன் அனுப்பும் உதவி இப்படித்தான் இருக்கும் என்று.

சௌந்தரி டீச்சரும் சிரித்தார். ஆனால் பெட்டிகளைத் தூக்கிப் போட விடவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் உறைந்த உணவுகளை வைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கையில் கிடைத்த சட்டையையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்குவதாக ஒரு மாணவி சொல்லியிருந்தாளாம். பெரிய அளவு ஸ்வெட்டர்கள் எல்லாம் அங்கே போயின. ஒரே வாரத்தில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தது.

"பாருங்க சார், தப்பான சாமான் சரியான ஆளைத் தேடிப் போய்ச் சேர்ந்துடுச்சு. இப்ப இதை வெச்சு நான் பிள்ளைங்களுக்கு என்ன பாடம் நடத்துறது? வெளிநாட்டு உதவி முட்டாள்தனம்னா? புத்திசாலித்தனம்னா?" என்றார். என்னுடைய அட்சரேகைப் பாடம் அதோடு கெட்டது.

ஓய்வுபெற்ற பிறகு அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார். அவர் தேடிப் போகவில்லை. வேலைதான் அவரைத் தேடி வந்தது. ஒரகடத்தில் ஆலைகள் வளர வளர, பணக்கார நாடுகளிலிருந்து இங்கே வருகிறவர்களும் பெருகினார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள், நன்கொடை கொடுக்கிறவர்கள், பொருள் வாங்கும் கம்பெனிகளுக்காகத் தொழிலாளர் நிலையைப் பார்க்க வருகிறவர்கள் என்று பலர். அவர்களுக்கும் நம் ஆலைப் பெண்களுக்கும் நடுவில் உட்கார ஒருவர் வேண்டியிருந்தது. ஆங்கிலம் தெரிந்த, பெண்கள் நம்புகிற, ஆலைக்கு வேண்டாதவரும் வேண்டியவரும் அல்லாத ஒருவர். அவருடைய பழைய மாணவிகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஆலையில் உற்பத்தி லைனில் நின்றார்கள். நான் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டர் ஓட்டிப் போவேன். போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். கூட்டம் தொடங்கும் முன் இரு பக்கமும் சொல்லிவிடுவார். முதல் விதி: வந்தவர் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொன்னவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும், வந்தவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது விதி: வந்தவர் காதுபடப் பேசப்படுவது எல்லாம் மொழிபெயர்க்கப்படும், சிரிப்பு உட்பட.

முதல் விதி வந்தவர்களுக்குப் பிடிக்கும். தமாஷாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். போகப் போகத்தான் வியர்க்கும். ஒரு முறை வந்த ஓர் அதிகாரி, இந்தப் பெண்களின் வருமானம் உயர எங்கள் நாடு என்ன செய்யலாம் என்று கேட்டார். நல்ல மனிதர். அதற்குப் பதில் சொன்ன பின், ஆலையில் வேலை பார்க்கும் பென்னலூர் கீதா திருப்பிக் கேட்டாள்: "உங்க ஊர்ல வேலைக்கு ஆளே கெடைக்கலயாமே சார். நாங்க வந்தா சேத்துக்குவீங்களா?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். விசா தன் துறையில் வராது என்றும் அது வேறு துறை என்றும் சொன்னார். டீச்சர் அதை அப்படியே தமிழில் சொன்னார்.

"அய்ய, இங்கயும் அதே பதில்தான் டீச்சர்" என்றாள் கீதா. "சூப்பர்வைசரக் கேட்டா எச்.ஆர்.னுவான், எச்.ஆர்.ரக் கேட்டா கான்ட்ராக்டர்னுவான். நம்ப ஊரு கம்பெனிதான் அப்டின்னு பாத்தா, அவுங்க ஊரு கவர்மெண்டே அப்டித்தான் கீது போல."

டீச்சர் அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. மதிலைப் பற்றிய கேள்வியல்லவா அது.

டீச்சர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியம் உண்டு. "பாயில உக்காந்து சொல்றது மரியாதை சார். செருப்பு மாட்டும்போது சொல்றதுதான் சங்கதி." நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருப்போம். கல்யாணம் நின்றுபோன விஷயத்தை, விருந்தாளி வாசலில் ஒரு செருப்பை மாட்டிய பிறகுதான் சொல்வோம். வெளிநாட்டுக்காரர்கள் அதற்குள் கைகுவித்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆகவே டீச்சர் மட்டும் வாசலில் கொஞ்சம் தாமதிப்பார். தெரிந்துகொண்டே செய்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். அந்தக் கட்டுகளை வாங்குவது ஐரோப்பாவில் ஒரு கம்பெனி. அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது: வெளிநாட்டில் பொருள் வாங்குகிறவர்கள், அதைச் செய்து கொடுப்பவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். நல்ல சட்டம். வறுமையைக் குறைக்கப் பணக்கார நாடு தன் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒரு காரியம் என்று டீச்சர் அதைப் பற்றிப் பூரித்துப் பேசினார். "இட்லி வாங்குறவன், அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கணும்னு சட்டம் போட்டிருக்கான் சார்."

அந்தக் கம்பெனிக்காக அப்படி எட்டிப் பார்க்க வந்தவர் இங்கிரிட் என்ற அம்மையார். கீதா வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம். கீதாவைத் தவிர மற்றவர்கள் தெற்கத்திப் பெண்கள். ஆலை நடத்தும் ஹாஸ்டலில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். கமுதிப் பக்கத்து முத்துலட்சுமி அவர்களில் ஒருத்தி. மெலிந்த பெண், பேச்சில் மட்டும் சதை உண்டு.

இங்கிரிட் நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சாப்பாடு எப்படி, ஓவர்டைம் கட்டாயமா, சூப்பர்வைசர் திட்டுவாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றே பதில் வந்தது. திருப்பிக் கேட்ட கேள்விகள்தான் சுவையாக இருந்தன. உங்கள் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று ஒரு பெண் கேட்க, என் கணவர் என்றார் இங்கிரிட்.

"எங்கூட்டுக்காரர டிரெய்னிங்குக்கு அனுப்பட்டா, கேளு டீச்சர். அந்த விசா எந்தத் துறைன்னும் கேட்டுடு" என்றாள் கீதா.

டீ முடிந்தது, மிக்சர் முடிந்தது. இங்கிரிட் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். மாடிப்படி ஓரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷூவை மாட்டினார். அப்போது முத்துலட்சுமி டீச்சரிடம் சொன்னாள். முறையிடும் குரலில் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லவேள நேரத்தோட முடிஞ்சிருச்சு டீச்சர். பொழுது அடஞ்சா வார்டனம்மா கேட்ட வெளிய பூட்டிட்டுச் சாவிய வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருவாக. அன்னைக்கி சுமதி வயித்துவலியில துடிச்சுக் கெடக்கா, கேட்ட ஆட்டுறோம், கத்துறோம், ஒருத்தரும் வரல. விடிஞ்சுதேன் தொறந்தாக."

ஒரு ஷூவோடு நின்ற இங்கிரிட், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

முத்துலட்சுமிக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. "டீச்சர், இத அவுககிட்டச் சொல்லிப்புடாதீக. ஆர்டரு போச்சுன்னா எங்களத்தேன் மொதல்ல அனுப்புவாக."

"இன்னாடி சொல்லாத? பூட்டி வெக்கறதுக்கு நீங்க இன்னா ஆடா மாடா?" என்று கீதா குறுக்கே வந்தாள். "டீச்சர், நீ சொல்லு. இம்மாந்தூரம் வந்துக்கிறாங்க, மிக்சர் துன்னுட்டுப் போறதுக்கா?"

"ஒனக்கென்னக்கா, ஒன் வீடு இங்கன இருக்கு. நாங்க எங்க போவோம்?"

டீச்சர் படியில் நின்றார். அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. பூட்டு, சாவி, சுமதி, சொல்லாதே என்றது, சொல் என்றது, உன் வீடு இங்கே இருக்கிறது என்றது, நாங்கள் எங்கே போவோம் என்றது, எல்லாம். இங்கிரிட் மாட்டிய ஷூவைக் கழற்றினார். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்.

முத்துலட்சுமி உட்காரவில்லை. "முத்து, அவங்க கேட்டுட்டாங்க. இப்ப உன் முறை. நீ கேளு" என்றார் டீச்சர்.

"எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம். ஒங்கள நம்பித்தான பேசுனேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன் ஸ்கூட்டரை நிறுத்தினேன். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் சொன்னேன்: "கூட்டம் முடிஞ்சு போச்சு டீச்சர். அது வீட்டுப் பேச்சு. அந்தப் பொண்ணு உங்ககிட்ட மட்டும் சொன்னா."

"அந்தம்மா காதுபடச் சொன்னா சார். என் விதி அது."

"விதி உங்களோடது. வேலை அவளோடது."

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "நாளைக்கு அந்த ஹாஸ்டல்ல ஒரு தீ விபத்துன்னு வைங்க. பூட்டு விஷயம் எனக்குத் தெரியும், ஆனா அது வீட்டுப் பேச்சுன்னு விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டு அடக்கத்துக்குப் போகட்டுமா?"

நான் டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரே, "நான் தப்பு பண்ணிட்டேனா சார்?" என்றார். அவர் அப்படிக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

இங்கிரிட் ஊருக்குப் போவதற்கு முன் டீச்சர் அவரிடம் ஒரு வாக்கு வாங்கினார். "வாங்குற கம்பெனி ஆலையை விட்டுட்டுப் போறதா இருந்தா எழுதாதீங்க. நின்னு சரிபண்ணறதா இருந்தா எழுதுங்க." அவர் அப்படியே எழுதினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கும் கம்பெனியும் ஆர்டரை நிறுத்தவில்லை. பூட்டை எடுங்கள் என்றுதான் சொன்னது. ஆலை பூட்டை எடுத்தது. நான் வாலாஜாபாத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆர்டரும் போகவில்லை, வேலையும் போகவில்லை, பூட்டும் போயிற்று. பாடப்புத்தகத்தில் போடலாம்போல இருந்தது.

அந்த இனிப்பு தீர்வதற்குள் இன்னொரு செய்தி வந்தது. ஆலை ஹாஸ்டலையே மூடுகிறது. ஹாஸ்டல் இல்லாவிட்டால் அதைப் பற்றிய புகாரும் இல்லையே. பெண்கள் வெளியே அறை எடுத்துக்கொண்டு வேலைக்கு வரலாம் என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போன தாளில், பிரச்சனை தீர்ந்தது என்று இருந்திருக்கும். அது பொய்யும் அல்ல.

முத்துலட்சுமியின் அப்பா அவளை ஊருக்கு வரச் சொல்லிவிட்டார். டீச்சர் அவரோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிறாதீக. பொழுதடஞ்சா கேட்டப் பூட்டிருவோம்னு அந்தக் கம்பெனிக்காரவுக சொன்னதாலதேன் பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எந்தப் பூட்டை எடுத்ததற்கு நாங்கள் இனிப்பு வாங்கினோமோ, அந்தப் பூட்டுதான் அந்தப் பெண் வேலைக்கு வருவதற்கு அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது.

"என் வீட்டு மாடி காலியா இருக்குங்க. என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன். அனுப்புங்க."

"ஒங்க வீட்டுக்குப் பூட்டு இருக்குமா?"

"இருக்குங்க. சாவி உங்க பொண்ணுகிட்ட இருக்கும்."

அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்தியது கேட்டது. "அப்ப அது என்ன பூட்டு?" என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

முத்துலட்சுமி ஊருக்குப் போய்விட்டாள். டீச்சர் அதன் பிறகு கொஞ்ச நாள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. யாரைக் குற்றம் சொல்வது என்று நாங்கள் பேசிப் பேசிப் பார்த்தோம். சட்டம் போட்ட நாட்டையா? எழுதிய இங்கிரிட்டையா? மூடிய ஆலையையா? கூப்பிட்ட அப்பாவையா? செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால், எந்தக் கால்வாய் கொண்டுவந்த தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று வகுப்பில் நான் சொல்வேன். அந்த உதாரணத்தை இங்கேயும் சொன்னேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "ஏரிக்கு மதகுன்னு ஒண்ணு இருக்கு சார். அதைத் தொறந்த ஆளு யாருன்னு தெரியும்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு நாள் முத்துலட்சுமி ஒரு பையோடு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரகடத்தில் வேறொரு ஆலையில் வேலை பார்த்துவைத்திருந்தாள். "சாவி குடுங்க டீச்சர்" என்றாளாம். வேறு பேச்சு இல்லை. ஏன் கோபித்துக்கொண்ட இடத்துக்கே வந்தாய் என்று நான் ஒரு நாள் கேட்டதற்கு, "இந்த ஊர்ல எனக்கு வேற யாரத் தெரியும்?" என்றாள்.

மாடியில்தான் இருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு டீச்சரே அவளை எழுப்பிவிடுவார். அவர் குழம்பில் காரம் போதவில்லை என்று இவள் குறை சொல்வாள். கமுதிக் காரத்துக்கு என் வயிறு கட்டுப்படியாகாது என்று அவர் முனகுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. எப்போதாவது டீச்சர், "முத்து, உன் கேள்வி பாக்கி இருக்கு" என்பார். "கெடக்கட்டும் டீச்சர்" என்பாள் அவள்.

அடக்கத்துக்கு அவள் வேலைச் சீருடையோடு வந்தாள். ஷிப்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அழவில்லை. கீதா அழுத அழுகைக்கு அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லறையிலிருந்து திரும்பி, ஜாய்ஸிடம் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். வாசலில் செருப்பைத் தேடி ஒன்றை மாட்டினேன். முத்துலட்சுமி பக்கத்தில் வந்தாள்.

"சார், அந்தக் கேள்வி இருக்குல்ல, பாக்கி. இப்பக் கேக்கணும்போல இருக்கு."

"கேளும்மா."

"எங்களக் கேக்க வாறீகள்ல, நாங்க சொன்னா எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஏற்பாடு பண்ணிட்டு வாறீகளா, அதப் பெறகு பாத்துக்கிறலாம்னு வாறீகளா? அத மொதல்ல கேட்டிருந்தா, சொல்லணுமா வேணாமான்னு நானே முடிவு பண்ணிருப்பேன்ல."

"இதை யாரைக் கேட்கிறே? இங்கிரிட் அம்மாவையா, டீச்சரையா?"

"ரெண்டு பேத்தையுந்தேன்."

நான் இன்னொரு செருப்பை மாட்டாமலே நின்றேன். "கோபம் இன்னும் போகலியாம்மா?"

"இல்ல சார். கோவமும் இருக்கு, சாவியும் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அவள் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி இங்கிரிட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். டீச்சர் போன செய்தியையும் எழுதினேன். அவர் என் துக்கத்தில் பங்குகொண்டு உடனே எழுதினார். கேள்விக்கு, யோசித்து எழுதுகிறேன் என்றார். நான் அவரை அவசரப்படுத்தப் போவதில்லை. அது வேறு துறை என்று அவர் சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

சௌந்தரி டீச்சர் அன்று செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஹாஸ்டல் இருந்த கட்டடத்தின் பக்கமாகப் போகும்போது சரி என்று தோன்றுகிறது. முத்துலட்சுமி தன் அம்மாவோடு மட்டும் போனில் பேசுவதைக் கேட்கும்போது தப்பு என்று தோன்றுகிறது. சோறா, இட்லியா, மதிலா என்ற கேள்விக்கும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய முதல் விதியை மட்டும்தான். அதிலும் முத்துலட்சுமி சொன்ன பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். டீச்சர் இருந்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார்.

நீங்களும் செய்து பாருங்கள்: உதவி செய்யும் எண்ணத்தோடு யார் வீட்டுக்காவது போனால், நீங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன், முதல் கேள்வியை அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.